டிரைவர் எதுங்க வாங்குறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "கோல்ஃப் ஆடுறவங்க இருந்தா எழுதுங்க"ன்னு ஒரு வரி சும்மா போட்டு வச்சேன். வேலூர் பக்கம் யாரு எழுதப்போறாங்கன்னு நெனச்சா, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு கடுதாசி வந்துக்கினே இருக்கு. யோசிச்சுப் பாத்தா இதுல ஆச்சரியம் ஒன்னும் இல்ல. தோல் வியாபாரம், ஷூ கம்பெனின்னு இருக்கறவங்க சரக்கு வாங்க வர்ற வெளிநாட்டு பையரோட ஒரு தடவ கோல்ஃப் மைதானத்துக்குப் போவாங்க, அப்புறம் அந்தப் பைத்தியம் விடாது. கேள்வி முக்காவாசி ஒன்னுதான், எந்த டிரைவர் வாங்குறதுன்னு. டிரைவர்னா கார் ஓட்டுறவர் இல்லீங்க, கோல்ஃப்ல தூரமா அடிக்கிற நீளமான, பெரிய தலை வச்ச மட்ட. (எங்க வீட்டம்மா ஒரு கடுதாசியப் படிச்சிட்டு "சம்பளம் எவ்ளோ கேக்குறான்?"னு கேட்டாங்க, அது தனிக்கதை.)

கேள்வி: எனக்கு 42 வயசு சார். ரெண்டு வருஷமா ஆடுறேன், மாசம் ரெண்டு தடவ, சென்னைல இல்லன்னா பெங்களூர்ல. பால் எப்பவும் வலது பக்கமே வளைஞ்சு போவுது. ரெண்டு டிரைவர் பாத்து வச்சிருக்கேன். ஒன்னு 9 டிகிரி (பால் படற முகத்தோட சாய்வு), ஸ்டிஃப் ஷாஃப்ட் (வெறப்பான தண்டு), பெங்களூர் ரேஞ்ச்ல (பழகுற மைதானத்துல) அடிச்சேன். இன்னொன்னு 10.5 டிகிரி, ரெகுலர் ஷாஃப்ட் (அத விட வளையறது), சென்னைல அடிச்சேன். முதல்ல சொன்னது 20 யார்டு கூடவே போச்சு. என் ஸ்விங் ஸ்பீடு (மட்டைய வீசற வேகம்) மணிக்கு 88 மைல்னு மெஷின்ல காட்டுச்சு. எது வாங்கலாம்? – ராணிப்பேட்டை வாசகர், பேர் போட வேணாம்னு சொல்லிட்டார்

பதில்: பேர் போடல சார், ஆனா உங்கள கொஞ்சம் திட்டத்தான் போறேன். ஒரு மட்டைய பெங்களூர்லயும் இன்னொன்ன சென்னைலயும் அடிச்சுப் பாத்தா அது கம்பேரிசனே இல்ல. பெங்களூர் 3000 அடி ஒசரத்துல இருக்கு, காத்து லேசு, அதனால 200 யார்டு அடிக்கிறவருக்கு ஆறு ஏழு யார்டு அங்க சும்மாவே கூட வரும், சென்னை கடல் மட்டம், அங்க அந்த இனாம் கிடையாது. அதோட ரேஞ்ச் பால் ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு மாதிரி, ஒரு எடத்துல புதுசா இருக்கும், இன்னொரு எடத்துல ஆயிரம் அடி வாங்கி வழவழன்னு ஆகியிருக்கும். காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, தரை காஞ்சு போயி பால் உருண்டுதா, இதெல்லாம் வேற. அந்த 20 யார்டுல மட்டையோட பங்கு எவ்ளோன்னு உங்களால சொல்லவே முடியாது. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே எடத்துல, ஒரே பால்ல, மாத்தி மாத்தி அடிங்க. ஒன்ன பத்து அடிச்சிட்டு அப்புறம் அடுத்தது பத்துன்னு போனா ரெண்டாவது மட்டைக்கு வரும்போது கை சூடாயிருக்கும், இல்ல களைச்சிருக்கும். மூணு அது, மூணு இதுன்னு போங்க.

அடுத்த தப்பு எல்லாரும் பண்றது, நானும் பண்ணேன். பத்து அடிச்சா அதுல பறந்து போன ஒன்ன மட்டும் மனசுல வச்சிக்கிறோம். அத மறந்துடுங்க. பத்துல நல்ல ஒன்னையும் மட்டமான ஒன்னையும் தள்ளிட்டு மீதி எட்டு எங்க விழுந்துச்சுன்னு பாருங்க, எவ்ளோ அகலத்துக்கு செதறிக் கெடக்குன்னு பாருங்க. ஸ்கோர் கார்டுல எழுதுறது அந்த எட்டுதான். தப்பா அடிச்ச அடியையும் எந்த மட்ட கொஞ்சம் காப்பாத்தி ஃபேர்வே (புல்ல ஒட்ட வெட்டின நடுவழி) ஓரத்துலயாவது போடுதோ அத வாங்கணும்.

இப்போ ஒரு வேல சொல்றேன், அஞ்சு பைசா செலவில்ல. டிரைவர் முகத்த ஈரத்துணியால லேசா தொடச்சிட்டு, வீட்ல இருக்குற முகப்பவுடர மெல்லிசா தட்டுங்க. ஒரு பால் அடிங்க. பவுடர்ல ரூபா காசு சைசுக்கு ஒரு வட்டம் சுத்தமா தெரியும், அங்கதான் பால் பட்டுச்சு. தொடச்சிட்டு மறுபடி. பத்து தடவ பண்ணா உங்க ஜாதகமே தெரிஞ்சிடும். வலது கைக்காரருக்கு வட்டம் ஷாஃப்ட் பக்கமா, அதாவது குதிகால் பக்கமா விழுந்தா பால் வலது பக்கம் சுத்த ஆரம்பிக்கும், நுனிப் பக்கம் விழுந்தா இடது பக்கம் இழுக்கும். கீழ விழுந்தா பின்சுழல் ஏறிப்போயி தூரம் போயிடும், நடுவுக்கு ஒரு விரக்கடை மேல விழுந்தா நல்லா எழும்பி சுழல் கம்மியா போவும். நீங்க எழுதியிருக்குறத வச்சுப் பாத்தா குதிகால் பக்கம்தான் பட்டுக்கினு இருக்கும்னு என் சந்தேகம். அப்படி இருந்தா புது டிரைவர் வாங்குறதுக்கு முன்னாடி பழசையே அர இன்ச் கீழ புடிச்சு அடிச்சுப் பாருங்க, டீய (பால் வைக்கிற குச்சிய) கொஞ்சம் ஒசத்தி வைங்க, பால்ல பாதி மட்டையோட தலைக்கு மேல தெரியணும். பாதி ஸ்லைஸ் (இந்த வலது பக்க வளைவு) அதுலயே போயிடும் சில பேருக்கு.

ரெண்டுல ஒன்னுன்னா 10.5 தான், யோசிக்கவே வேணாம். 88 மைலுக்கு 9 டிகிரி பத்தாது, பால் எழும்பாம சீக்கிரமே தரையத் தொட்டுடும். அதோட லாஃப்ட் (அந்த டிகிரி கணக்குச் சாய்வு) கொறஞ்சா பின்சுழலும் கொறஞ்சு, பக்கத்துக்கு வளைக்கிற சுழல் ஓங்கிடும், ஸ்லைஸ் இன்னும் மோசமாத் தெரியும். ஸ்டிஃப் ஷாஃப்ட் 95 மைலுக்கு மேல போறவங்களுக்கு, உங்களுக்கு ரெகுலர் போதும். ஆனா ஒரு கம்பெனி ரெகுலர் இன்னொரு கம்பெனி ஸ்டிஃப் மாதிரி இருக்கும், இதுக்குன்னு பொது அளவு ஒன்னும் கெடையாது, அதனால ஷாஃப்ட்ல போட்டிருக்கற அந்த எழுத்த நம்பாம அடிச்சுப் பாத்து வாங்குங்க. நான் முதல்ல வாங்குனது 9 டிகிரி ஸ்டிஃப், கடைல "சார், டூர் ப்ளேயர்லாம் இதான்"னு சொன்னாங்க, டூர் ப்ளேயர், அதாவது ஆட்டத்தையே தொழிலா வச்சிருக்கறவர், 110 மைலுக்கு மேல சுத்துறாருன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. ஒன்ற வருஷம் வலது பக்கத்துப் புதர்லயே என் சனிக்கெழம போச்சு.

கழுத்துல (தலையும் ஷாஃப்டும் சேர்ற எடத்துல) திருகி லாஃப்ட் மாத்துற மாதிரி இருந்தா நல்லது. லாஃப்ட ஏத்தினா பெரும்பாலும் முகம் கொஞ்சம் இடது பக்கம் மூடும், ஸ்லைஸ்காரருக்கு அது ரெட்ட லாபம்.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் "போன வருஷத்தவிட தூரம்"னு புதுசு புதுசா வுடறாங்களே, நெசமா? – ஆற்காடு வாசகர்

பதில்: அப்படிப் பாத்தா இந்நேரம் நம்ம பால் பாலாத்தத் தாண்டி காட்பாடி ஸ்டேஷன்ல விழணும். ரூல்ஸ்லயே பூட்டு போட்டு வச்சிருக்காங்க. தலை 460 சிசிக்கு மேல போவக்கூடாது, முகம் எவ்ளோ துள்ளலாம்னும் அளவு இருக்கு, அந்த எல்லைய கம்பெனிங்க தொட்டு ரொம்ப வருஷமாச்சு. 1991ல காலவே பிக் பெர்த்தா வந்தப்போ அது 190 சிசிதான், அதுக்கே வாயப் பொளந்தாங்க. அப்போலேர்ந்து 460 வரைக்கும் வந்தது நெசமான மாத்தம். இப்போ வர்றது நடுவுல படாத அடியையும் கொஞ்சம் காப்பாத்துற வேல. 2024ல "10 கே", அதாவது பத்தாயிரம்னு பேர் போட்டு வந்துச்சே, அது தலை திரும்பாம நிக்கிற பலத்த ரெண்டு திசைக்கும் கூட்டிச் சொல்ற கணக்கு, ரூல் பக்கவாட்டுத் திசைக்கு வச்சிருக்கற எல்லை அதே அளவுல 5900. பொய் இல்ல, ஆனா பெருசாக் காட்டற கணக்கு. மூணு நாலு வருஷம் பழைய மாடல் உங்களுக்குப் பொருந்துனா கண்ண மூடிக்கினு வாங்குங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஆன்லைன்ல பாதி வெலைக்கு வருது. டூப்ளிகேட்டா இருந்தா எப்படிக் கண்டுபுடிக்கிறது? – ஆம்பூர் வாசகர், ஷூ கம்பெனி

பதில்: பாய், தோலத் தொட்டுப் பாத்தே ஆடா மாடா சொல்றவர் நீங்க, உங்கள ஏமாத்துறது கஷ்டம். ஆனாலும் சொல்றேன். ஒரு சின்னக் காந்தத்த எடுத்துக்கினு போங்க, ஃப்ரிட்ஜ்ல ஒட்டுறது போதும். டைட்டானியம் முகத்துல காந்தம் ஒட்டாது. டைட்டானியம்னு சொல்லி வித்தது "டக்"குனு ஒட்டிக்கிச்சுன்னா திருப்பிக் குடுத்துடுங்க. அடியில திருகி வச்சிருக்கற வெயிட்ல ஒட்டினா அது தப்பில்ல, அத இரும்புலயும் பண்ணுவாங்க. கழுத்துல சீரியல் நம்பர் செதுக்கியிருக்கும், அது மேலோட்டமா பெயின்ட்ல எழுதின மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. கம்பெனியோட சர்வீஸ்க்கு அந்த நம்பர அனுப்பியும் கேக்கலாம். புது மாடல் பத்தாயிரத்துக்கு வருதுன்னா காந்தம் கூட வேணாம்.

கேள்வி: கார்பன் முகமா, டைட்டானியம் முகமா? – திருப்பத்தூர் வாசகர்

பதில்: சத்தம் வேற, மத்தபடி உங்களுக்கும் எனக்கும் ஒன்னுதான். காதுக்குப் புடிச்சத எடுங்க.

கேள்வி: ரிட்டயர் ஆயிட்டேன், 67 வயசு. பையன் அமெரிக்காலேர்ந்து வர்றான். நீளமான டிரைவர்னா தூரம் போவும்னு சொல்றாங்க, 48 இன்ச் வாங்கிட்டு வரச் சொல்லட்டா? – காட்பாடி வாசகர்

பதில்: ஐயா, வேணாம். 48 இன்ச் ரூல்ல இருக்கற உச்சம், ப்ரோ போட்டிங்கள்ல 2022லேர்ந்து 46 இன்ச்சுன்னு கட்டுப்படுத்தவும் எடம் குடுத்துட்டாங்க. நீளம் கூடுனா வேகம் கொஞ்சம் கூடும், ஆனா பால் நடுவுல படாது, நடுவுல படலன்னா வந்த வேகம் வீண். 44.5 இல்ல 45 இன்ச், 12 டிகிரி, சீனியர் ஷாஃப்ட், 50 கிராம் பக்கத்துல இருக்கற லேசான ஷாஃப்ட், இத எழுதிக் குடுங்க பையன்கிட்ட. 12 டிகிரின்னா கௌரவக் கொறச்சல்னு நெனைக்காதீங்க. பால் மேல எழும்பி மெதுவா எறங்குறத பாத்தா உங்களுக்கே சந்தோஷமா இருக்கும், முதுகும் திட்டாது.

கேள்வி: பொண்ணுக்கு 13 வயசு, ஆசையா கேக்குறா. அவங்கப்பாவோட பழைய டிரைவர வெட்டிக் குடுத்தா போதுமா? – குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா

பதில்: வெட்டாதீங்கம்மா. மேல் பக்கம் வெட்டினா ஷாஃப்ட் இன்னும் வெறப்பாயிடும், தலையோட கனம் அப்படியே நிக்கும், அந்தப் புள்ளைக்கு அது கம்பி புடிச்சு வீசுற மாதிரி இருக்கும். பெரியவங்க மட்டைல பழகினா கையால வளைச்சு அடிக்கிற பழக்கம் வந்துடும், அத விடறது கஷ்டம். பொண்ணுங்களுக்குன்னே வர்ற லேசான ஷாஃப்ட், லாஃப்ட் 12க்கு மேல, அவ ஒசரத்துக்கு ஏத்த நீளம், செகண்ட் ஹேண்டே போதும், வளர்ற புள்ள ரெண்டு வருஷத்துல மாத்தணும். தூரம் வரலன்னு அழுதா அதிதி அசோக்கப் பத்திச் சொல்லுங்க. பெங்களூர் பொண்ணு, டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 4வது வந்தாங்க, ஒரே ஒரு அடி கூடப் போனதால மெடல் தவறிடுச்சு. அங்க ஆடினவங்கள்ல கம்மி தூரம் அடிக்கறவங்கள்ல அவங்களும் ஒருத்தர், பட்டிங்ல (குழிக்குள்ள உருட்டி விடறதுல) எல்லாரையும் நடுங்க வச்சாங்க.

கேள்வி: டிரைவர ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம். எப்பவும் கார் டிக்கிலயே கெடக்கும். போச்சா? – வாணியம்பாடி வாசகர்

பதில்: சத்தம் வர்றது பெரும்பாலும் உள்ள இருக்கற பசை துண்டா ஒடைஞ்சு உருளறது, ஆட்டத்துக்கு ஒன்னும் பண்ணாது, காதுக்குத்தான் எரிச்சல். எனக்கு பயம் டிக்கிலதான். நம்ம ஊர் சித்திரை வெயில்ல மூடின கார் எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, ஷாஃப்டையும் தலையையும் ஒட்டி வச்சிருக்கற பசை அந்தச் சூட்டுல எளகும், கைப்பிடி ரப்பரும் பிசுபிசுன்னு ஆயிடும். கழுத்துல கருப்பா ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அதுக்கும் தலைக்கும் நடுவுல கோடு மாதிரி இடைவெளி தெரியுதான்னு பாருங்க. தலைய ஒரு கைலயும் ஷாஃப்ட ஒரு கைலயும் புடிச்சு லேசா முறுக்குங்க. துளி அசைஞ்சாலும் அத எடுத்து அடிக்காதீங்க, தலை கழண்டு பறந்தா பக்கத்துல நிக்கிற, பை தூக்கிட்டு வர்ற கேடிக்கு ஆபத்து. சரி பண்றவர்கிட்ட குடுத்தா மறுபடி ஒட்டிக் குடுப்பார், ஒரு நாள் முழுக்க காய விடணும். அப்புறம் வீட்ல பீரோ பக்கத்துல சாச்சு வைங்க, டிக்கில அரிசி மூட்ட கெடக்கட்டும்.