16 கோர் கொடுத்தும் விஎம் ஏன் திணறுகிறது?

கேள்வி: எங்கள் நூற்பாலை அலுவலகத்தில் ஒரே சர்வர்தான். இரண்டு பிராசசர், ஒவ்வொன்றிலும் 10 கோர். அதில், ஒரே சர்வரைப் பல கணினிகள்போலப் பிரித்துக்காட்டும் விஎம்வேர் போட்டு ஏழு விர்ச்சுவல் மெஷின்கள் (விஎம்) ஓடுகின்றன. கணக்கும் ஸ்டாக்கும் இருக்கும் விஎம்மில் எஸ்கியூஎல் சர்வர் ஸ்டாண்டர்டு என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இருக்கிறது. அது மெதுவாக இருக்கிறதே என்று 4 கோரை 8 ஆக்கினோம், பிறகு 16 ஆக்கினோம். மற்ற விஎம்களுக்கும் அப்படியே கூட்டியதில் மொத்தம் 64 ஆகிவிட்டது. வேகம் வரவில்லை, முன்பைவிட மந்தம். ஆனால் உள்ளே டாஸ்க் மேனேஜர் 28 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. டீலர் பார்த்துவிட்டு, "ரெடி 96 சதவீதம், சர்வர் நிரம்பிவிட்டது. புதுசு வாங்குங்கள், இல்லாவிட்டால் 8 கோர் விபிஎஸ் (வாடகை விஎம்) ஒன்றை மலிவாகப் பிடித்துத் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன, 28, 96. இரண்டையும் யாரும் சரியாகப் படிக்கவில்லை.

முதலில் டீலரின் 96. அது சர்வர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதன் அளவே இல்லை. ஒரு விஎம் வேலை செய்யத் தயாராக இருந்தும், உண்மையான கோர் கிடைக்காமல் வரிசையில் நின்ற நேரத்தைத்தான் விஎம்வேர் 'ரெடி' என்று காட்டுகிறது. ரியல் டைம் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடிக்கானது, அதாவது 20,000 மில்லி விநாடி. உங்கள் விஎம்மில் 19,200 என்று வந்திருக்கும். அதை 20,000-ஆல் வகுத்து 96 சதவீதம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அது 16 கோர்களின் காத்திருப்பையும் சேர்த்துக் கூட்டிய தொகை. 16-ஆல் வகுத்தால் கோருக்கு 6 சதவீதம். கோருக்கு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை, 10-ஐத் தாண்டினால் பில் போடுகிறவருக்கே தெரியும். அப்படியானால் 6 பரவாயில்லையே என்று நினைக்காதீர்கள். சும்மா இருக்கும் கோர் வரிசையில் நிற்பதில்லை. நிஜமாக வேலை செய்வது நான்கு கோர்தான் என்றால், அந்த 96-ஐ நான்கு பேர்தான் சுமக்கிறார்கள். ஆளுக்கு 24. சராசரியை நம்பாமல், வரைபடத்தில் 0 முதல் 15 வரை கோர்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று: 'ஒரு நாள்' வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 300 விநாடிக்கானது. அதையும் 20,000-ஆல் வகுத்து பதினைந்து மடங்கு பெரிய எண்ணைக் காட்டி, வாடிக்கையாளரைப் பயமுறுத்தி சர்வர் விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. யாராவது ரெடி சதவீதம் என்று ஒரு எண்ணைச் சொன்னால், எத்தனை விநாடிக்கு, எத்தனை கோருக்கு என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான்கு கோர்தான் வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்கிறேன்? உங்கள் 28-ஐ வைத்துத்தான். 16-இல் 4 என்பது 25 சதவீதம். மீதி மூன்று விண்டோஸின் சொந்த வேலை, ஆன்டிவைரஸ் அப்படி. ஒரு விஎம் இப்படிக் கோடு போட்டாற்போல 25-ஐ ஒட்டியே நின்றால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது எஸ்கியூஎல் சர்வரின் சாக்கெட் வரம்பின் மேல்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கோர் கூட்டும்போது இந்த ஒரு விதிவிலக்கை யாரும் பார்ப்பதில்லை.

எஸ்கியூஎல் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 2016 முதல் 2022 வரையிலான பதிப்புகளில் 4 சாக்கெட் அல்லது 24 கோர், எது குறைவோ அதுவரைதான் பயன்படுத்தும். சாக்கெட் என்பது பிராசசர் உட்காரும் இடம். விஎம்முக்கு அது வெறும் கற்பனை, செட்டிங்கில் எத்தனை என்று போடுகிறீர்களோ அத்தனை. விஎம்வேரின் சர்வர் மென்பொருளான விஸ்பியரில், 8-க்கு முந்தைய பதிப்புகளில் விஎம் உருவாக்கினால், நீங்களாக மாற்றாதவரை சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்றுதான் வரும். ஆக, நீங்கள் 16 கோர் கொடுத்தபோது எஸ்கியூஎல்லின் கண்ணுக்குத் தெரிந்தது 16 பிராசசர், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோர். அதன் விதிப்படி நான்கு சாக்கெட்டை எடுத்துக்கொண்டு மீதி 12-ஐத் திரும்பிக்கூடப் பார்க்காது. 4-லிருந்து 8, 8-லிருந்து 16 என்று நீங்கள் கூட்டியதில் ஒரு கோர்கூட எஸ்கியூஎல்லுக்குப் போய்ச் சேரவில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பு வைத்திருப்பவர் நிலை இன்னும் மோசம், அதற்கு ஒரு சாக்கெட் அல்லது 4 கோர் என்பதுதான் வரம்பு. எட்டு சாக்கெட் கொடுத்தாலும் அது ஒரே கோரில் தள்ளாடும். எஸ்கியூஎல் மட்டுமல்ல, விண்டோஸ் 10, 11 ஹோம் ஒரு சாக்கெட்டையும், புரோ இரண்டு சாக்கெட்டையும்தான் ஏற்கும். ஊழியர்களுக்கு விஎம்மில் விண்டோஸ் டெஸ்க்டாப் கொடுத்திருந்தால் அங்கேயும் பாருங்கள்.

இதைச் சரிபார்க்க நிபுணர் தேவையில்லை. எஸ்கியூஎல் சர்வரின் எரர் லாகைத் திறந்தால், அது கிளம்பிய நேரத்து ஆரம்ப வரிகளிலேயே எத்தனை சாக்கெட் கண்டேன், சாக்கெட்டுக்கு எத்தனை கோர், லைசென்ஸ்படி எத்தனையைப் பயன்படுத்துகிறேன் என்று எழுதியிருக்கும். கடைசி எண் 4 என்று இருந்தால் என் சந்தேகம் சரி. அப்புறம் இன்னொரு கேள்வியும் எழும். எஸ்கியூஎல்லுக்குக் கோர் கணக்கில் லைசென்ஸ் வாங்கியிருந்தால், 16 கோருக்குப் பணம் கட்டி 4-ஐத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறீர்கள். விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குக் கமிஷன் கோர் கணக்கில் என்பதால் சொல்லவில்லை போலிருக்கிறது.

சரி, பயன் இல்லை என்பது புரிகிறது, முன்பைவிட மெதுவானது ஏன்? 16 கோர் விஎம் என்பது கல்யாணப் பந்திக்கு 16 பேராக வரும் குடும்பம் மாதிரி. நான்கு பேர் என்றால் எங்காவது சட்டென்று உட்கார வைத்துவிடலாம். பதினாறு பேரும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றால் இடம் காலியாகும்வரை நிற்கத்தான் வேண்டும். விஎம்வேரின் பழைய பதிப்புகளில் இந்த 'ஒன்றாக' என்பது கறாரான விதி. இப்போது தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் சில கோர்கள் மட்டும் முன்னே ஓடிவிட்டால், மற்றவை வந்து சேரும்வரை அவற்றை நிறுத்திவைப்பது இன்றும் உண்டு. இதற்கு 'கோ-ஸ்டாப்' என்று தனிக் கணக்கு இருக்கிறது. வேலையில்லாத கோர்கள் இதில் சேராது என்றாலும், ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடும்போது எல்லாமே விழித்துக்கொள்ளும். கோ-ஸ்டாப் மூன்று சதவீதத்தைத் தொட்டாலே அந்த விஎம்முக்குக் கோர் அதிகம் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது நினைவகத்தின் தூரம். உங்கள் இரண்டு பிராசசருக்கும் தனித்தனி மெமரி. தன் பக்கத்து மெமரியை வேகமாகப் படிக்கும், அடுத்த பிராசசரின் மெமரியைச் சுற்றிப் போய்த்தான் படிக்கும். 10 கோருக்குள் அடங்கும் விஎம் ஒரே பக்கம் உட்காரும். 16 கோர் விஎம் அடங்காது, எட்டு எட்டாக இரண்டு பக்கமும் பிரியும். இந்தப் பிரிவை விண்டோஸுக்குச் சொல்லிக் கொடுக்கும் வசதி விஎம்வேரில் இருக்கிறது. ஆனால் 'சிபியு ஹாட் ஆட்' (ஓடும்போதே கோர் கூட்டும் வசதி) என்ற பெட்டியை டிக் செய்திருந்தால் விஸ்பியர் 8-க்கு முந்தைய பதிப்புகளில் அது அணைந்துவிடும். பின்னால் உதவும் என்று நிறுவுகிறவர்கள் எல்லா விஎம்மிலும் இதை டிக் செய்துவிட்டுப் போவார்கள். எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, மற்ற ஆறு விஎம்கள். நெருக்கடி வரும்போது யாருக்கு எவ்வளவு என்று விஎம்வேர் 'ஷேர்' கணக்கில் பிரிக்கிறது. 'நார்மல்' என்று விட்டிருந்தால் கோருக்கு 1,000 ஷேர். பிரிண்ட் சர்வருக்கு 8 கோர் கொடுத்தால் 8,000 ஷேர் அதன் கையில். சும்மா இருக்கும் வரை தொந்தரவில்லை. மதியம் ஒரு மணிக்கு ஏழு விஎம்மிலும் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஒன்றாகக் கிளம்பும்போது, கணக்கு விஎம்மின் பங்கைப் பிடுங்கிக்கொள்வது இதுதான். எல்லோருக்கும் கூட்டினால் யாருக்கும் கூடவில்லை என்று அர்த்தம். இருப்பது என்னவோ அதே 20 கோர்தான். ஒரு கோரை இரண்டு திரெட்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங்கின் 40-ஐ நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு திரெட் சேர்ந்தாலும் ஒரு கோரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் வேலை நடக்கும், இரட்டிப்பு ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது. கணக்கு விஎம்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், ஓடும்போது கோரைக் குறைக்க முடியாது. 8 கோர் போடுங்கள், 'கோர்ஸ் பெர் சாக்கெட்' இடத்திலும் 8 போடுங்கள். ஒரே சாக்கெட், எட்டு கோர். ஒரு பிராசசருக்குள் அடங்கும், எஸ்கியூஎல்லும் எட்டையும் பார்க்கும். பாதியாகக் குறைத்துவிட்டு இரட்டிப்பு வேலை வாங்குகிறீர்கள். ஆனால் அதற்கு முன் லைசென்ஸ் எத்தனை கோருக்கு என்று பாருங்கள், நான்குக்குத்தான் என்றால் நான்கிலேயே நிற்க வேண்டும்.

அதே திரையில் 'லிமிட்' என்ற இடத்தையும் பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று இல்லாமல் ஏதாவது மெகாஹெர்ட்ஸ் எண் இருந்தால் உடனே நீக்குங்கள். ஏதோ பழைய டெம்ப்ளேட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். லிமிட் இருந்தால் 16 அல்ல, 60 கோர் கொடுத்தாலும் மொத்த வேகம் கூடாது. அது தடுத்து நிறுத்தும் நேரமும் ரெடியில்தான் சேரும். சர்வர் காலியாகக் கிடக்கும்போதே ரெடி எகிறினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மெமரிக்கும் தனி லிமிட் உண்டு, அதையும் பாருங்கள்.

பிறகு மற்றவற்றுக்கு வாருங்கள். டொமைன் கன்ட்ரோலர், பிரிண்ட் சர்வர், ஆன்டிவைரஸ் கன்சோல் எல்லாம் இரண்டு கோரில் நிம்மதியாக ஓடும். ஸ்கேனும் பேக்கப்பும் ஒரே நேரத்தில் கிளம்பாமல் பிரித்துப் போடுங்கள். கணக்கு விஎம்முக்கு அளவாக ஒரு ரிசர்வேஷன் (இவ்வளவு கட்டாயம் இதற்கு என்ற ஒதுக்கீடு) கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம். சர்வரின் பயாஸில் மின்சாரச் சிக்கனம் போட்டிருந்தால் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள்.

குறைக்கச் சொன்னதும் மென்பொருள் கம்பெனிக்காரர் ஒரு காகிதத்தை நீட்டுவார், 'குறைந்தபட்சம் 16 கோர்' என்று. அந்தத் தாளை எழுதியவர் உங்கள் ஆலையைப் பார்த்ததில்லை. எத்தனை பயனர்களுக்கு என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் அந்த எண் இல்லாவிட்டால் புகாரையே எடுக்க மாட்டோம் என்பார்கள். வேலை நடக்கிறதா என்பதைவிடத் தாளில் இருப்பது இருக்கிறதா என்பதுதான் இந்தத் துறையில் சப்போர்ட் என்று ஆகிவிட்டது. வாக்குவாதம் வேண்டாம். எரர் லாகின் அந்த ஒரு வரியைப் படம் பிடித்து அனுப்பி, "16-இல் உங்கள் மென்பொருளுக்கு 4-தான் கிடைத்தது, இப்போது 8 கிடைக்கிறது" என்று மெயிலில் எழுதிவிடுங்கள்.

அந்த மலிவு விபிஎஸ் பற்றி. அங்கேயும் இதே பந்திதான், சமையலறையை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள், அவ்வளவே. அமேசான் வாடகைக்கு விடும் டி3 மைக்ரோ விஎம்மில் 2 விசிபியு (விஎம்முக்குக் காட்டும் கோர்), ஆனால் தொடர்ந்து கிடைப்பது ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் என்று அவர்களே வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். இடைத்தரகர் விற்கும் '8 கோரில்' அந்தச் சதவீதத்தை யாரும் எழுதித் தருவதில்லை. ஒரே ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் உண்மையான சர்வர்) எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம், அவரும் இன்னொருவரிடம் வாங்கி விற்பவர்தான். கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால், கேவிஎம் (விஎம்வேர் மாதிரியான இன்னொரு மென்பொருள்) மேல் ஓடும் விபிஎஸ்ஸாக ஒன்றை அதே பிளானில் லினக்ஸ் போட்டு ஒரு வாரம் வாங்குங்கள். வேலை நேரத்தில் 'டாப்' கட்டளையைக் கொடுத்து 'எஸ்டி' என்ற எண்ணைப் பாருங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய நேரத்தில் ஹோஸ்ட் பிடித்துக்கொண்ட பங்கு அது. அது அடிக்கடி பத்தைத் தொட்டால் ஓடிவந்துவிடுங்கள். விண்டோஸில் இது தெரியாது, அதனால்தான் விண்டோஸ் விபிஎஸ் விற்பது அவர்களுக்கு இஷ்டம்.

மாற்றங்களைச் செய்துவிட்டு ஒரு மாத முடிவு கணக்கு முடியும்வரை பாருங்கள். அப்போதும் வேலை செய்யும் கோர்களின் ரெடி 10 சதவீதத்துக்கு மேலேயே நின்று, ஹோஸ்டின் சிபியுவும் வேலை நேரம் முழுக்க 80-க்கு மேல் இருந்தால் புது சர்வர் வாங்குவது நியாயம். அப்போது கோர் எண்ணிக்கை பெரிதாக இருப்பதை விட்டு, கோர் ஒவ்வொன்றும் வேகமாக இருப்பதைக் கேளுங்கள். எஸ்கியூஎல் லைசென்ஸ் கோர் கணக்கில் என்றால் அங்கேயும் பணம் மிச்சம். விஎம்வேர் சந்தாவில் ஒரு பிராசசருக்குக் குறைந்தது 16 கோர் என்று கணக்கிடுவார்கள். உங்கள் சர்வரில் இருப்பது 20, பில் வருவது 32-க்கு. கொட்டேஷன் வாங்கும்போது சர்வர் விலையோடு இந்தச் சந்தாவையும் எஸ்கியூஎல் லைசென்ஸையும் மூன்று வருடத்துக்கு ஒரே தாளில் கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். 10 கோர் பிராசசர் இரண்டைவிட 16 கோர் பிராசசர் ஒன்று மலிவாக முடியும் வாய்ப்பு அந்தத் தாளில்தான் தெரியும்.