இஞ்சின் வெல்டிங் மிசின எங்க வைக்கிறது? வாசகர் கேள்வி பதில்

பெரும்போக வெள்ளாம வெட்டு கிட்டுது, வாகரையில இருந்து அக்கரைப்பத்து வரைக்கும் வந்த கேள்வி எல்லாம் ஒரே விஷயத்திலதான் வந்து நிக்குது, அதான் டீசல் இஞ்சின் வெல்டிங் மிசின். கரண்ட் இல்லாத வயல்லயும் கடக்கரையிலயும் வேல செய்யிறதுக்கு இதுதான் கை குடுக்கும், அதால இந்த முறை முழுப் பக்கத்தையும் அதுக்கே குடுத்திருக்கன்.

கேள்வி: யப்பான்ல இருந்து வந்த பாவிச்ச டீசல் வெல்டிங் மிசின் ஒண்டு எடுத்திருக்கன். மழையும் பயம் களவும் பயம், அதால பட்டறைக்குப் பின்னால இருக்கிற ஸ்டோர் ரூமுக்குள்ள மிசின வச்சிட்டு கேபிள மட்டும் வெளியால இழுத்து வேல செய்யலாமா? ரூமுக்கு ரெண்டு ஜன்னல் இருக்கு. (சம்மாந்துறை வாசகர்)

வேணாம் தம்பி. ரெண்டில்ல, நாலு ஜன்னல் இருந்தாலும் வேணாம். அந்தப் புகையில நாம ஸ்கூல்ல படிச்ச காபனோரொட்சைட்டு இருக்கு, நிறமும் இல்ல மணமும் இல்ல, ரத்தத்தில ஒக்சிசன் ஒட்டுறத விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இது போய் ஒட்டிக்கொள்ளும், அப்பிடி ஒட்டிட்டா மூச்சு எடுத்தாலும் ஒடம்புக்கு ஒக்சிசன் போகாது. பெற்றோல் இஞ்சின விட டீசல்ல இது குறைவுதான், ஆனா ரூமுக்குள்ள அந்தக் குறைவே ஆளக் கொல்லப் போதும்.

இத நான் புத்தகத்தப் பாத்து மட்டும் சொல்லல்ல. கொஞ்ச வருசத்துக்கு முன்னால ஒரு அரிசி மில்லில வேல, மாரி மழை ஊத்துது, மிசின் நனையப் போகுதே எண்டு நாங்களே தள்ளிக் கொண்டு வந்து கதவுக்கு உள்பக்கமா வச்சம், சைலன்ஸர் வாய் எந்தப் பக்கம் பாத்திருக்கு எண்டு ஒருத்தரும் பாக்கல்ல. அரை மணித்தியாலத்தில உதவிக்கு நிண்ட பொடியன் தலையிடிக்குது எண்டான், காலையில சாப்பிடாம வந்திருப்பான் எண்டு நினைச்சு பிளேன்ரீ ஊத்திக் குடுத்தம். அந்தக் கோப்பையப் பிடிக்க ஏலாம அவன்ட கை ஆடி, ரீ முழுக்க சாரத்தில ஊத்துப்பட்டிட்டு, மறுகா சத்தி எடுத்தான். அந்த நேரம் எனக்கும் முழங்கால் ரெண்டும் பஞ்சு மாதிரி. அப்பத்தான் விளங்கிச்சு. அவனத் தூக்கி மழைக்குள்ளேயே வெளிய கொண்டு வந்து போட்டு, மிசின நிப்பாட்டி, ஆஸ்பத்திரிக்கு ஏத்தினம். அல்லாட அருளோ கடவுள்ட அருளோ, பொடியன் தப்பிட்டான். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நான் இத எழுதிக் கொண்டு இருக்க மாட்டன். அதால, மிசின் ஓடுற இடத்தில ஆருக்காவது தலையிடி, தலைச்சுத்து, சத்தி எண்டா சாப்பாட்டக் குறை சொல்லாதீங்க, உடன காத்துக்கு எடுங்க, 1990 அம்புலன்சுக்கு அடிங்க. உள்ள விழுந்து கிடந்தா கதவெல்லாம் திறந்து காத்த விட்டுட்டுப் போங்க, இல்லாட்டி எடுக்கப் போன நீங்களும் பக்கத்தில விழுவீங்க.

சரி, எப்பிடித்தான் வைக்கிறது? நாலு கம்பி நட்டு மேல தகரம், சுத்தி சுவர் இல்ல, அவ்வளவுதான். கிடுகுக் கூரை வேணாம், சைலன்ஸர் சூட்டுக்கு அது பத்தும். நிலத்த நீர்மட்டம் வச்சுப் பாத்து கொங்கிறீட் போடுங்க, மிசின் சரிஞ்சு நிண்டா டிப் ஸ்டிக்ல ஒயில் காணும் எண்டு காட்டும், ஆனா உள்ள பம்ப் காத்த இழுக்கும், இஞ்சின் அடிச்சிரும். ரப்பர் அடியில குடுத்து போல்ட் போட்டு இறுக்குங்க. ரேடியேற்றர் பக்கமும் சைலன்ஸர் பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாம வெட்டையா விடுங்க, சூட்டுக் காத்து சுவர்ல பட்டுத் திரும்பி வந்தா மிசின் தன்ட சூட்டையே தான் குடிக்கும். இன்னொண்டு, நம்மட பக்கத்தில கச்சான் காத்து ஒரு பக்கமும் வாடைக் காத்து அதுக்கு எதிர்ப்பக்கமும் அடிக்கும், கச்சான் காலத்தில சரியா இருந்த புகை மாரியில வீட்டு ஜன்னலுக்குள்ள போகும், அதால சைலன்ஸருக்கு மேல தலைக்கு உயர ஒரு பைப் எடுத்து விடுங்க, வாயில மழை விழாம மூடியும் போடுங்க.

உழவு மிசின் பெட்டியில ஏத்துறதா இருந்தா கயித்தால கட்டி ஓட்டாதீங்க. சேசியில போல்ட். மிசின்ட இரும்பு பிரேமில இருந்து பெட்டிட சேசிக்கு ஒரு செப்பு வயரும் இழுங்க, அடியில ரப்பர் இருக்கிறதால மிசின் தனியா நிக்கும், உள்ள எங்கயும் லீக் ஆனா பெட்டியையும் மிசினையும் ஒண்டாத் தொடுற ஆளுக்குத்தான் அடிக்கும். மேல இருக்கிற தூக்குற வளையம் மிசின மட்டும் தூக்கத்தான், சில்லும் சேசியும் சேத்து அதில கொளுவித் தூக்காதீங்க. களவுக்குப் பயம் எண்டா ராவைக்கு பெட்டறியக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போங்க, சங்கிலியால பூட்டுங்க.

கேள்வி: இதே மாதிரி மிசின்தான் என்னட்டயும் இருக்கு. அதில ப்ளக் பொயின்ட் இருக்கு, கிரைண்டர் போட்டா உயிரில்லாம சுத்துது. வீட்டில கரண்ட் போற நேரம் இதில இருந்து வீட்டுக்கும் குடுக்க ஏலுமா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

கிரைண்டர்ல பிழை இல்ல அண்ணன். யப்பான்ல வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நம்மட நாட்டில 230. அங்க பாவிச்சிட்டு இஞ்ச இறக்கின மிசின் அனேகத்தில அந்த 100 வோல்ட் பொயின்ட் அப்பிடியே கிடக்கும். ஒண்டையும் சொருக முதல் மீற்றர் வச்சு அளங்க. 50, 60 எண்டு ஹேர்ட்ஸ் மாத்துற சுவிட்ச் இருந்தா 50ல விடுங்க.

வீட்டுக்குக் குடுக்கிற கதை வேற. ரெண்டு முனையிலயும் ஆண் ப்ளக் பூட்டின வயர் ஒண்ட ஆக்கள் செஞ்சு வச்சிருக்காங்க, அத வீட்டு பொயின்ட்ல குத்துறது. அதக் கண்டா வெட்டி எறிங்க. உங்கட கரண்ட் மீற்றரால வெளிய போய் ரோட்டு ட்ரான்ஸ்போமருக்குப் பின்பக்கமா ஏறினா, 230 அங்கால 11,000, 33,000 வோல்ட்டா மாறி நிக்கும், லைன் செத்துக் கிடக்கு எண்டு நம்பி போஸ்ட்ல ஏறின மின்சார சபை ஆள் அதிலதான் கை வைப்பார். அவருக்கும் வீட்டில பிள்ளைகள் இருக்கு. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன் கரண்டும் மிசின் கரண்டும் ஒண்டாச் சேராம மாத்துற சுவிட்ச்) ஒண்டு, தெரிஞ்ச எலக்ட்ரீசியன வச்சுப் பூட்டினா மட்டும் குடுங்க, அதுவும் மிசின்ல 230 சரியா வந்தா மட்டும்.

கிரைண்டருக்கு, லீக் ஆனா கரண்ட வெட்டுற ட்ரிப் சுவிட்ச் பூட்டிட்டன், இனிப் பயமில்ல எண்டு சில பேர் நினைக்கிறாங்க. மிசின்ட நியூட்ரல் பிரேமோட சேராம இருந்தா அந்த ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டிய நேரம் விழாமப் போகும். எலக்ட்ரீசியன் வாற அண்டைக்கு அதையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேல.

கேள்வி: வெள்ளாம வெட்டு மிசின் வச்சிருக்கன். வயலுக்க வச்சு ஒட்டேக்க வெல்டருக்கு ஹோல்டரால அடிக்குது எண்டுறார். போன போகம் ஒட்டினதுக்குப் பிறகு மிசின்ட மீற்றர் போர்டும் செத்திட்டு. ரெண்டுக்கும் காரணம் என்ன? (அக்கரைப்பத்து வாசகர்)

மீற்றர் போர்ட முதல் சொல்றன். ஒட்ட முதல் வெட்டு மிசின்ட பெட்டறியக் கழட்டினீங்களா? கழட்டி இருக்க மாட்டீங்க. நெகட்டிவ் முதல், பிறகு பொசிட்டிவ், திரும்பப் பூட்டேக்க பொசிட்டிவ் முதல். கம்பியூட்டர் பெட்டி இருக்கிற புது மிசின் எண்டா அதிட ப்ளக்கையும் கழட்டுங்க. மறுகா ஏர்த் கிளாம்ப். சேசியில எங்கயோ கொளுவிட்டு முன்னால கத்திப் பக்கம் ஒட்டினா 120 ஆம்ப்ஸ் கரண்டும் வழி தேடிக் கொண்டு பேரிங், செயின், வயரிங் எல்லாத்துக்குள்ளாலயும் ஓடும், பேரிங் குண்டில ஊசியால குத்தின மாதிரிப் புள்ளி விழும், ஒரு மாசத்தில இரையத் தொடங்கும். ஒட்டுற துண்டிலேயே, ஒட்டுற இடத்துக்குக் கிட்ட, பெயின்டையும் கறலையும் சுரண்டிப் போட்டு பளபளக்கிற இரும்பில கிளாம்பப் பூட்டுங்க.

அடிக்கிறதுக்கு வருவம். ராட் இரும்பில படாம சும்மா இருக்கிற நேரம் ஹோல்டர்ல 60ல இருந்து 100 வோல்ட் வரைக்கும் நிக்கும். காஞ்ச கைக்கு பெரிசாத் தெரியாது, ஆனா வயல்ல காலுக்குக் கீழ சேறு, சேட் வேர்வையில நனைஞ்சு ஒடம்போட ஒட்டியிருக்கும், கையுறையும் ஈரம், அப்ப அதே வோல்ட் நெஞ்சப் பிடிக்கும். காஞ்ச பலகை ஒண்டப் போட்டு அதில நிண்டு ஒட்டச் சொல்லுங்க. கையுறை ரெண்டு சோடி வேணும், ஒண்டு நனைஞ்சா மத்தது. ராட் மாத்தேக்க வெறுங்கை கூடவே கூடாது, கமக்கட்டுக்குள்ள ஹோல்டர வச்சுக்கொண்டு நிக்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு, அதையும் விடச் சொல்லுங்க, கேபிளத் தோள்ல சுத்திக் கொண்டு ஏறுறதும் அப்பிடித்தான். ஹோல்டர்ல இருந்து 3 மீட்டருக்குள்ள கேபிள்ல ஜொயின்ட் இருந்தா அந்தக் கேபிள மாத்துங்க. 150, 200 ஆம்ப்ஸுக்கு 35 ஸ்குவயர் மில்லிமீட்டர் கேபிள், தூர இழுத்தா 50. மிச்சக் கேபிளச் சுருட்டி வச்சபடி ஒட்டினா சுருளுக்குள்ள சூடு ஏறி ரப்பர் உருகும், முழுக்க விரிச்சு விடுங்க. வெட்டு அவசரத்தில ஒரு வெட்டு மிசின்ல ரெண்டு பேர் ரெண்டு வெல்டிங் மிசினால ஒட்டுறதும் நடக்குது, அப்ப ஒராள் ரெண்டு ஹோல்டரையும் ஒண்டாத் தொட்டா ரெண்டு வோல்ட்டும் கூடி அடிக்க ஏலும்.

வைக்கோல மறந்திராதீங்க. வெட்டு மிசின்ட வயித்துக்குள்ள எப்பவும் தூசும் வைக்கோலும் கிடக்கும், பொறி உள்ள போய் புகைஞ்சு கொண்டே இருந்து, நீங்க எல்லாம் சோத்துக்குப் போன பிறகுதான் பத்தும். ஒட்ட முதல் காத்தடிச்சுத் துப்பரவாக்குங்க, சுத்தி 10, 11 மீட்டருக்கு வைக்கோல் இல்லாமப் பண்ணுங்க, ரெண்டு வாளி தண்ணியும் பவுடர் சிலிண்டர் ஒண்டும் கிட்ட வைங்க, முடிஞ்ச பிறகும் ஒரு மணித்தியாலம் ஒராள் காவல் நிக்கணும். டீசல் விடேக்க வெல்டிங் மிசின நிப்பாட்டி ஆற விடுங்க, டாங்க விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, சிந்தினதத் துடைச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ரேடியேற்றர் மூடியையும் சூட்டோட திறந்து முகம் வெந்த ஆக்கள் நம்மட ஊர்லயே இருக்காங்க.

கேள்வி: என்ட வீட்டுக்காரர் வெல்டிங் வேலதான். ஜீஐ பைப் ஒட்டின அண்டைக்கு ராவைக்குக் காய்ச்சலும் நடுக்கமும், அடுத்த நாள் சுகம். சில நாள் கண்ணையும் திறக்க ஏலாமக் கிடப்பார். பால் குடுத்தாச் சரியெண்டு சொல்றாங்க. (வாழைச்சேனையில இருந்து ஒரு சகோதரி)

தங்கச்சி, பால் குடிச்சா அது நிக்காது. ஜீஐ பைப்புக்கு மேல பூசியிருக்கிற நாகம் (சிங்க்) எரிஞ்சு வாற வெள்ளைப் புகைதான் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம், இழுத்து சில மணித்தியாலத்துக்குப் பிறகுதான் காட்டும், ஒண்டு ரெண்டு நாள்ல போயிரும். போகுதே எண்டு விடாதீங்க. ஒட்டுற இடத்தில ரெண்டு பக்கமும் ரெண்டு, மூண்டு அங்குலத்துக்கு அந்தப் பூச்ச அரைச்சு எடுத்திட்டு, காத்து முதுகுப் பக்கத்தாலயோ பக்கவாட்டாலயோ வாற மாதிரி நிண்டு, புகைக்குள்ள தலையக் குடுக்காம ஒட்டச் சொல்லுங்க. மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரி.

கண்ணுக்கு, கறுப்புக் கண்ணாடி நம்பர் 10 இல்லாட்டி 11 வேணும். வெயில் கண்ணாடியப் போட்டுக்கொண்டு 'ஒரு டச் தானே' எண்டு அடிக்கிறதாலதான் ராவையில மணல் அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கிறது. பக்கத்தில பாத்துக் கொண்டு நிக்கிற பிள்ளைகளுக்கும் அதே வெளிச்சம்தான், அவங்கள உள்ள அனுப்புங்க. கண்ணக் கசக்காம ஈரத்துணி வைக்கலாம், கடையில கண்ட மருந்த வாங்கி ஊத்த வேணாம், டொக்டர்ட்ட காட்டுங்க.

கேள்வி: போட்டுட (படகுட) டீசல் டாங்க் ஓட்டை, டீசல வெளிய ஊத்திப்போட்டு ஒட்டலாமா? (ஒலுவில் வாசகர்)

ஒட்டக் கூடாது. காலி டாங்க்தான் நிரம்பின டாங்க விடப் பொல்லாதது, உள்ள நிக்கிற ஆவி சூடு பட்டதும் வெடிக்கும். கழுவினம் எண்டாலும் மடிப்புக்குள்ள டீசல் ஒளிச்சிருக்கும். அந்த வேலையையே செய்யிற ஆக்களிட்டக் குடுங்க, இல்லாட்டி புது டாங்க் போடுங்க.

கேள்வி: மிசின் நல்லா ஓடுது, ஆனா சைலன்ஸர்ல இருந்து கறுப்பா எண்ணெய் சொட்டுது. பிஸ்டன் ரிங் போயிட்டா? (ஏறாவூர் வாசகர்)

ரிங்கக் கழட்ட முதல் ஒண்டு சொல்லுங்க, மிசின ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு நாள் முழுக்க கேட் கம்பியில ரெண்டு டச், மூண்டு டச் தானே போடுறீங்க? லோட் இல்லாம மணிக்கணக்கா ஓடினா இஞ்சின் சூடு ஏறாது, எரியாத டீசல் கரியோட கலந்து சைலன்ஸரால வரும். வேலைக்கு இடையில நிப்பாட்டி வைங்க. இப்பத்தைக்கு ஒரு நாள் தடிச்ச இரும்பில 3.2 மில்லிமீட்டர் ராட்ட 120, 130 ஆம்ப்ஸ்ல போட்டு ஒரு மணித்தியாலம் போல நல்ல லோட் குடுங்க, மிசின் தகட்டில போட்டிருக்கிற டியூட்டி சைக்கிளப் பாத்துத்தான், 60 வீதம் எண்டா பத்து நிமிஷத்தில 6 நிமிஷம் ஒட்டு, 4 நிமிஷம் ஓய்வு. முதல்ல புகை கூடும், மறுகா தெளியும். அந்த நேரம் சைலன்ஸர் நல்லாச் சுடும், கிட்ட ஒண்டும் வைக்காதீங்க. நிப்பாட்ட முதல் லோட் இல்லாம 3, 4 நிமிஷம் ஓட விட்டு ஆத்துங்க. பிறகு சொட்டின இடத்தத் துணியால துடைச்சு வச்சிட்டு ஒரு கிழமை பாருங்க, திரும்பவும் நனைஞ்சா டீசல் பீச்சிற இன்ஜெக்டரக் கழட்டி டெஸ்ட் பண்ணக் குடுங்க, ரிங்கப் பத்தி அதுக்குப் பிறகு யோசிப்பம்.