ஈயச் சொம்பும் ரயில் இன்ஜினும்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் தனித்தனிப் பாகங்களாக விற்கப்படும் உலோக கிட்டுகளைக் கொண்டு ரயில் இன்ஜின், வேகன் மாதிரிகளைக் கட்டுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் எல்லா அளவுகளும், ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற பிரிட்டிஷ் கணக்கில், அதாவது ஏறத்தாழ 1:76 விகிதத்தில் உள்ளவை.

கடையில் வாங்கியதும் ஓடக்கூடிய பிளாஸ்டிக் இன்ஜின்களே இவ்வளவு நுணுக்கமாக வந்துவிட்ட பிறகு, உலோக கிட்டை வாங்கிக் கட்டுவது எதற்காக? வார்ப்பு கிட், பித்தளை கிட் என்று இரண்டு சொன்னீர்கள். என்ன வேறுபாடு? (வாசகர், கோயம்புத்தூர்)

பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் விற்கக்கூடிய இன்ஜின்களைத்தான் பிளாஸ்டிக்கில் செய்யும். பிரிட்டனில் 1923க்கு முன்பு நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் ரயில் நிறுவனங்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் தனக்கென்று இன்ஜின்களையும் வேகன்களையும் வடிவமைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மாதிரி வேண்டுமென்றால் கிட் ஒன்றுதான் வழி. பயன் என்று நீங்கள் கேட்டதற்கு இது ஒரு பதில். ஆனால் என்னைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் வேறு. உலோகத்தில் பற்றவைத்ததைச் சூடு காட்டினால் பிரித்துவிடலாம். கோணலாக ஒட்டிவிட்ட பிளாஸ்டிக் பெட்டியைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டும். கோணலாகப் பற்றவைத்த பித்தளைப் பெட்டியை நாளை மறுபடி நேராக்கலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது.

வார்ப்பு கிட் என்பது ஒயிட் மெட்டல் என்ற ஈயம், வெள்ளீயக் கலவையை, சுழலும் ரப்பர் அச்சுகளில் ஊற்றி எடுத்தது. 1950களிலும் 60களிலும் கீசர், வில்ஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைப் பரவலாக விற்றன. பல கிட்டுகள், அப்போது கடையில் கிடைத்த பொம்மை ரயிலின் அடிச்சட்டத்தின் மேல் அப்படியே உட்காரும்படி அமைந்தவை. நீங்கள் பித்தளை கிட் என்று சொன்ன தகடு கிட் பின்னால் வந்தது. பித்தளைத் தகட்டிலோ நிக்கல் சில்வர் தகட்டிலோ படத்தை ஒளிமுறையில் பதித்து, வேண்டாத இடங்களை ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிக்க விட்டு எடுக்கிறார்கள். நிக்கல் சில்வர் என்பது நம் வீட்டுப் பூஜைச் சாமான்களில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லப்படும் அதே செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான். பெயரில் இருக்கும் வெள்ளி அதில் துளியும் இல்லை. வார்ப்பு கிட் கனமாக இருப்பதால் இன்ஜினுக்கு இழுவை கிடைக்கும். தகடு கிட் மெல்லியது. அசல் இரும்புத் தகட்டின் தோற்றத்துக்கு மிக நெருக்கமாக வரும். இன்றைய நல்ல கிட்டுகளில் உடல் தகடாகவும், புகைபோக்கி, கொதிகலன் மேலுள்ள டோம் என்ற குமிழ், மோதலைத் தாங்கும் பஃபர்கள் போன்ற உருண்டையான பாகங்கள் வார்ப்பாகவும் கலந்து வருகின்றன.

ஒயிட் மெட்டல் வேகனின் பக்கச் சுவரைப் பற்றவைக்கும்போது, சுவரே உருகிச் சிறு குழியாகிவிட்டது. என் சால்டரிங் அயர்ன் 40 வாட். இதற்குப் பசை போடுவதே நல்லதா? (வாசகி, மதுரை)

தங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. என்னுடைய இரண்டாவது இன்ஜினில், கொதிகலனின் மேல் அமர வேண்டிய டோமை நான் இதே வகையில் இழந்தேன். அயர்னின் முனை பட்டு அதன் விளிம்பு ஒரு கணம் கண்ணாடிபோல் பளபளத்தது. என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் பாதி டோம் முனையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நம் சமையலறையில் ஈயச் சொம்பு (வெள்ளீயத்தில் செய்தது) புழங்குகிற வீடுகளில் ஒரு விதி உண்டு: உள்ளே ரசம் இல்லாமல் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, வைத்தால் உருகி ஓடிவிடும். ஒயிட் மெட்டலுக்கும் அதே குணம்தான். பற்றவைக்க உருக்கி ஊற்றும் கலவையான சாதாரண சால்டர் 183 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். அதை உருக்குவதற்கு முனை அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். அந்தச் சூட்டைச் சுவர் தாங்காது. அதனால் ஒயிட் மெட்டலுக்கென்று, பிஸ்மத் கலந்து 70 டிகிரியிலேயே உருகும் ஒரு சால்டர் விற்கிறார்கள். வெப்பநிலையைத் திருகி வைக்கக்கூடிய அயர்ன் ஒன்றை வாங்கி, முனையை 150 டிகிரி அளவில் வைத்துக்கொண்டால், அதைச் சுவரின் மேல் நீங்கள் வெகுநேரம் வைத்திருந்தாலும் சுவர் உருகாது, சால்டர் மட்டும் தண்ணீர்போல் இடுக்குக்குள் ஓடும். உங்களிடம் இருக்கும் 40 வாட் அயர்னைக் குறை சொல்வதற்கில்லை. சூட்டைக் குறைக்கும் வழி அதில் இல்லை என்பதுதான் சிக்கல்.

இதிலிருந்து மொத்த வேலைக்கும் ஒரு வரிசை கிடைக்கிறது. தகடு கிட்டில் முதல் இணைப்புகளை 188 டிகிரி சால்டரிலும், அவற்றின் அருகே பிறகு வருபவற்றை 145 டிகிரி சால்டரிலும், கடைசியாக வார்ப்புப் பாகங்களை 70 டிகிரி சால்டரிலும் செய்தால், புதிதாகப் பற்றவைக்கும்போது பழையது கழன்று விழாது. 70 டிகிரி சால்டர் பித்தளையில் நேரடியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவித் துணியால் ஈயத்தைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலப் பித்தளைப் பரப்பில் முதலில் சாதாரண சால்டரை மெல்லிய படலமாகப் பூசிவிட வேண்டும். அந்தப் படலத்தின் மேல் 70 டிகிரி சால்டர் உடனே பிடித்துக்கொள்ளும்.

நவச்சாரத்தின் இடத்தில் நாம் பயன்படுத்துவது நீர்த்த பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸ். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் மாதிரியை வெந்நீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் மறுநாள் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதன் மேல் அடித்த பெயின்ட் பிறகு பொரிந்து வரும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 145 டிகிரி சால்டரிலும், பல 70 டிகிரி சால்டர்களிலும் கேட்மியம் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள், கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். பசையைப் பற்றிக் கேட்டீர்கள்: சூடு காட்ட முடியாத மிகச் சிறிய பாகங்களுக்கு எபாக்சி பசை நன்றாகவே உதவும், அதில் குறையொன்றும் இல்லை.

முதன்முதலில் எந்த கிட்டில் தொடங்கலாம்? நேரடியாக ஒரு பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜினை எடுத்துக்கொள்ள ஆசை. (வாசகர், திருநெல்வேலி)

ஆசை நியாயமானது, ஆனாலும் முதலில் ஒரு வேகனை முடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். பிரிட்டனில் நிலக்கரி ஏற்றிச் சென்ற 16 டன் இரும்பு வேகன் மிகப் பொருத்தமானது. இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட வேகன் அது. மேல்மூடி இல்லாத எளிய பெட்டி. அசலில் 16 அடி 6 அங்குல நீளம் என்பதால் நம் அளவில் 66 மில்லிமீட்டர் வரும். இரு அச்சுகளுக்கு இடையே 9 அடி, அதாவது 36 மில்லிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இந்தச் சிறு பெட்டியிலேயே கற்க வேண்டியவற்றில் பாதி இருக்கிறது. தகட்டில் மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழத்துக்கு அரித்த ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு எப்போதும் மடிப்பின் உட்பக்கம் வர வேண்டும்; வெளிப்பக்கம் வைத்து மடித்தால் விளிம்பு மழுங்கிப்போகும், தகடும் முறியப் பார்க்கும். மடித்த பின் உள்மூலையில் கொஞ்சம் சால்டரை ஓட விட்டால் அந்த இடம் மறுபடி உறுதியாகிவிடும். அச்சுகளைத் தாங்கும் சட்டங்கள் இரண்டையும் இறுக்கமாகப் பற்றவைத்தால், நான்கு சக்கரங்களும் ஒரே சமயத்தில் தண்டவாளத்தைத் தொடுவது அரிது. ஆடுகிற நாற்காலியைப்போல ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் ஒரு சட்டத்தை மட்டும் நிலையாக வைத்துவிட்டு, மற்றொன்றை நடுவில் ஒரு கம்பியின் மேல் இருபுறமும் லேசாக அசையும்படி அமைக்கிறார்கள். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் அல்லவா, அந்தக் கணக்குதான் இது.

வேகன் சரியாக உருண்டால், அடுத்து ஆறு சக்கரங்களும் உந்தும் ஒரு சிறிய டேங்க் இன்ஜினை எடுங்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1929 முதல் கட்டத் தொடங்கிய 5700 வகை எனக்கு மிகவும் பிடித்தது. மொத்தம் 863 கட்டப்பட்டன. கொதிகலனின் இருபுறமும் தொங்கும் தண்ணீர்த் தொட்டிகளால், சுமை ஏற்றிய பொதிமாடு போன்ற தோற்றம் அதற்கு உண்டு. எக்ஸ்பிரஸ் இன்ஜின் அதற்குப் பிறகு வரட்டும்.

என் டேங்க் இன்ஜின், சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கித் தயங்கி நகர்கிறது. மோட்டாரை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. (வாசகர், சேலம்)

மோட்டாரில் பழுது இல்லை. மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் அடிச்சட்டத்தைச் சக்கரங்களோடும் இணைப்புத் தண்டுகளோடும் ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். அந்த நிலையில் தடையில்லாமல் உருளாத அடிச்சட்டத்தை எந்த மோட்டாராலும் ஓட்ட முடியாது.

ஒருபுறத் தண்டை மட்டும் மாட்டித் தள்ளுங்கள். பிறகு அதைக் கழற்றி, மறுபுறத் தண்டை மட்டும் மாட்டித் தள்ளுங்கள். ஏதாவது ஒரு பக்கம் தனியாக மாட்டும்போதே இறுகினால், அந்தப் பக்கத் தண்டின் துளைகளுக்கு இடையிலான தூரமும் அச்சுகளுக்கு இடையிலான தூரமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். துளையைத் துருவும் ஊசியால் நூலளவு பெரிதாக்குங்கள். ஒருமுறை திருப்பி, உடனே மாட்டிப் பார்த்து, பிறகு அடுத்த திருப்பு. இரண்டு பக்கமும் தனித்தனியே சீராக உருண்டு, சேர்த்து மாட்டும்போது மட்டும் இறுகினால், கோளாறு சக்கரங்களின் கோணத்தில் இருக்கிறது. ஓர் அச்சின் இடச் சக்கரத்தில் இணைப்புத் தண்டு மாட்டும் கிராங்க் முளையும் வலச் சக்கரத்தில் உள்ள முளையும் 90 டிகிரி விலகி இருக்க வேண்டும். அது மிகச் சரியாக 90 ஆக இருக்கிறதா என்பதைவிட, மூன்று அச்சுகளிலும் ஒரே கோணமாக இருக்கிறதா என்பதே முக்கியம். சதுர முனை கொண்ட அச்சில் திருகிப் பொருத்தும் சக்கரங்கள் இந்தக் கோணத்தைத் தாமாகவே தந்துவிடும் என்பதால், முதல் இன்ஜினுக்கு அவற்றையே பரிந்துரைக்கிறேன்.

நேர்ப் பாதையில் நன்றாக ஓடும் இன்ஜின், வளைவில் மட்டும் ஷார்ட் ஆகி நிற்கிறது. (வாசகர், ஈரோடு)

பிரேக் கட்டைகளைப் பாருங்கள். இரு தண்டவாள மின்முறையில் ஒருபுறச் சக்கரங்கள் அச்சிலிருந்து மின்காப்பு செய்யப்பட்டிருக்கும். வளைவில் அச்சு பக்கவாட்டில் நகரும்போது அந்தச் சக்கரத்தின் விளிம்பு பித்தளை பிரேக் கட்டையைத் தொட்டால், அந்த மின்சாரம், மறுபுறத் தண்டவாளத்தோடு தொடர்பில் இருக்கும் அடிச்சட்டத்துக்குப் பாய்ந்துவிடும். கட்டையை அரை மில்லிமீட்டர் விலக்கி வளைத்து, உட்பக்கம் ஒரு சொட்டு எபாக்சியைத் தடவி உலர விடுங்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன் கட்டிய என் பித்தளை இன்ஜினின் கொதிகலன், தையல் பிரிந்ததுபோல் பிளந்திருக்கிறது. எடைக்காக உள்ளே ஈயக் குண்டுகளை நிரப்பி, வெள்ளைப் பசை ஊற்றியிருந்தேன். (வாசகர், நாகர்கோவில்)

காரணம் தாங்கள் ஊற்றிய பசைதான். மரவேலைக்குப் பயன்படும் அந்த வெள்ளைப் பசையிலிருந்து அசெட்டிக் அமிலம் சிறிது சிறிதாகக் கசியும். மூடிய இடத்தில் அது ஈயத்தை மெல்ல அரித்து வெண்ணிறக் கார்பனேட்டாக மாற்றும். அந்தக் கார்பனேட்டு ஈயத்தைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும் என்பதால், வருடக்கணக்கில் வீங்கிப் பித்தளையைப் பிளந்துவிடும். உள்ளே இருப்பதை முழுவதும் சுரண்டி எடுத்து, கொதிகலனைச் சூடு காட்டிப் பிரித்து, மறுபடி உருட்டிப் பற்றவைத்தால் இன்ஜின் பிழைத்துவிடும். இனி ஈயத்தை எபாக்சியில் பதியுங்கள். இதே பசையால் எடை பதித்த வேறு மாதிரிகள் இருந்தால், பிளவு தெரியும்வரை காத்திருக்காமல் இப்போதே திறந்து பாருங்கள்.

பிரிட்டிஷ் பாகங்களைக் கொண்டு நம் ஊர் இன்ஜின்களைக் கட்ட முடியுமா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

முடியும். ஆனால் தண்டவாளத்தின் அகலத்தை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஓஓ அமைப்பில் இன்ஜினின் உடல் 4 மில்லிமீட்டர் கணக்கிலும், பாதை 16.5 மில்லிமீட்டராகவும் இருக்கிறது. அசல் 4 அடி 8½ அங்குலத்துக்கு 18.83 வர வேண்டும். அந்தக் குறையைப் பொறுக்க முடியாதவர்கள் 18.83லேயே பாதை போட்டுக் கட்டுகிறார்கள். நம் அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டர் அதே கணக்கில் 22 மில்லிமீட்டர் ஆகிறது. அயர்லாந்தின் 5 அடி 3 அங்குலப் பாதையைச் சரியான அளவில் கட்டுகிறவர்கள் 21 மில்லிமீட்டரில் வேலை செய்கிறார்கள்; அடிச்சட்டத்தின் இரு பக்கங்களையும் அகலத் தள்ளி வைத்து நீளமான அச்சுகளைப் போடும் அவர்களுடைய முறை நமக்கு அப்படியே பொருந்தும்.

நீங்கள் இருக்கும் ஊரை நினைத்து இன்னொன்றையும் சொல்கிறேன். நீலகிரி மலைப் பாதை மீட்டர் கேஜ். 1:87 விகிதத்தில் அது 11.5 மில்லிமீட்டர் வருவதால், சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மாதிரிகளுக்காக விற்கப்படும் 12 மில்லிமீட்டர் பாதையும் சக்கரங்களும் மிக நெருக்கமாகப் பொருந்துகின்றன. பல்சக்கரத்தால் மலையேறும் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களை முதலில் கட்டி அனுப்பியதும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலைதான். உடலைப் பித்தளைத் தகட்டில் நீங்களே வெட்டிச் செய்ய வேண்டியிருக்கும். உங்களுக்கு அளவு எடுப்பதற்கு அசல் இன்ஜினே உள்ளூர் நிலையத்துக்கு வருகிறது. அனுமதி பெற்று, ஓர் அளவு நாடாவோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் போய், அடிச்சட்டத்திலிருந்து தொடங்குங்கள்.