செயல்பாட்டுவாதத்தை இன்னும் ஏன் படிக்க வேண்டும்?

சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுச் சமூகமும் நிலைத்திருக்க ஏதோ ஒரு வேலை செய்கிறது என்று பார்க்கும் செயல்பாட்டுவாதம் சமூகவியலில் காலாவதியாகிவிட்டதே, அதில் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். பழசுதான், ஆனால் அது கேட்கும் கேள்வி பழசாகவில்லை: ஒரு வழக்கம் இத்தனை காலம் நீடிக்கிறதே, அதனால் சமூகத்துக்கு என்ன வேலை நடக்கிறது? தண்டனையையே எடுத்துக்கொள்ளுங்கள், அது குற்றவாளியைத் திருத்துவதைவிட மற்றவர்களுக்கு எல்லை எது என்று நினைவூட்டத்தான் அதிகம் உதவுகிறது என்றார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம். அப்புறம் 1949-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மெர்ட்டன் வெளிப்படைப் பயன், மறைமுகப் பயன் என்று பிரித்தார். பள்ளிக்கூடம் பாடம் சொல்லித்தருவது வெளிப்படை, பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மறைமுகம். என்னைக் கேட்டால் இந்தப் பிரிப்புக்காகவே படிக்கலாம். சரி, குறை? 1945-இல் டேவிஸ், மூர் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இதே பாணியில் ஏற்றத்தாழ்வுகூடச் சமூகத்துக்குத் தேவை என்று எழுதினார்கள், யாருக்குத் தேவை என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள்.