பழைய லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்வது எப்படி: கேள்வி பதில்

ஓவர்கிளாக் என்பது கார்டை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. வந்து சேர்ந்த கேள்விகளில் பெரும்பாலானவை 2014 முதல் 2017 வரை வாங்கிய லேப்டாப்களைப் பற்றியவை. நானும் அந்தக் காலத்து, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 960எம் கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய லேப்டாப்பைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன் என்பதால், அதில் செய்து பார்த்தவற்றை முதன்மையாக வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பதும் ஜிடிஎக்ஸ் 960எம்தான். ஓவர்கிளாக் செய்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? சிப் எரிந்துபோகாதா?

இந்தக் கார்டின் அடிப்படை வேகம் 1096 மெகாஹெர்ட்ஸ். கோரின், அதாவது கணக்கிடும் சிப்பின், வேகத்தை அதற்கு மேல் 135 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கூட்ட முடியும். அதைத் தாண்ட, கார்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் விடாது. கணக்குப்படி இது 12 சதவீதம். ஆனால் விளையாட்டில் அது முழுதாகக் கிடைக்காது. நொடிக்கு 40 ஃப்ரேம் ஓடிய இடத்தில் 43 அல்லது 44 ஓடும். 22 ஃப்ரேமில் திணறுகிற விளையாட்டை இது காப்பாற்றாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எரிந்துபோகும் என்ற அச்சம், மேசைக் கணினிகளில் வோல்டேஜை உயர்த்திக் கார்டைக் கெடுத்துக்கொண்டவர்களின் அனுபவத்திலிருந்து வந்தது. நம் லேப்டாப்களில் வோல்டேஜ் பூட்டப்பட்டிருப்பதால், கூட்டிய வேகத்தைச் சிப் தாங்காவிட்டால் திரை ஒருமுறை கறுத்து மீளும், அல்லது விளையாட்டு நின்றுபோகும்; பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் நேராது. உண்மையான கேடு மாதக்கணக்கில் தொடரும் வெப்பத்தால் வருவது. 2015-இன் தொடக்கத்தில் என்விடியா நிறுவனம், லேப்டாப்கள் ஓவர்கிளாக் செய்வதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்று கூறி, 900எம் வரிசையில் அந்த வசதியையே, கார்டை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவர் மூலம் அடைத்தது. பயனர்களின் எதிர்ப்பு வலுத்ததும் திறந்துவிட்டது. திறந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் அவர்கள் முதலில் சொன்ன காரணமும் பொய்யன்று.

கேள்வி: ஓவர்கிளாக் செய்வதற்கு முன்பே விளையாடும்போது 92 டிகிரி காட்டுகிறது. மேலும் கூட்டலாமா?

கூட்டவே கூடாது. அந்த வெப்பநிலையில் கார்டு தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் மேலே சேர்க்கிற ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸையும் அது கீழே கழித்துவிடும். முதலில் இழந்த வேகத்தை மீட்க வேண்டும், அதற்கு வேண்டியது ஒரு ஸ்க்ரூடிரைவர்.

என் லேப்டாப்பை நான்காம் ஆண்டில்தான் முதன்முறையாகத் திறந்தேன். ஃபேனின் இறக்கைகளில் அவ்வளவாகத் தூசு இல்லாததைக் கண்டு நிம்மதியாக மூட இருந்தவன், ஏதோ தோன்றி ஃபேனைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே, வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில், கம்பளித் துண்டு போல ஒரு தூசுப் பாய் படிந்திருந்தது. நகத்தால் நெம்பியதும் முழுதாகப் பெயர்ந்து வந்தது. பின்புறத் துளை வழியாகக் காற்றடித்துச் சுத்தம் செய்கிறவர்கள் இந்தப் பாயைப் பின்னுக்குத் தள்ளுகிறார்களே தவிர வெளியேற்றுவதில்லை.

திறப்பதற்கு முன் சார்ஜரை எடுத்துவிடுங்கள்; திறந்தவுடன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சிப்பின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் உலோகப் பகுதியான ஹீட் சிங்கின் திருகுகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தால், அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகவே இறுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் முழுதாக இறுக்கினால் மூடியில்லாத சிப்பின் விளிம்பு உடைந்துவிடக்கூடும். சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே வெப்பம் கடத்துகிற, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதியது இடுங்கள். மெமரி சிப்களின் மேல் இருக்கும் மென்மையான தெர்மல் பேடுகள் கிழியாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதன் கனத்தை அளந்து அதே கனத்தில் வாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட் சிங்க் சிப்பின் மேல் சரியாக அமராது. இவ்வளவும் செய்தபின் என் லேப்டாப்பில் அதே விளையாட்டு, அதே அறையில், 91 டிகிரியிலிருந்து 77-க்கு இறங்கியது.

கேள்வி: ஓவர்கிளாக் செய்யும் மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டும் (மின்சார உச்ச வரம்பு) கோர் வோல்டேஜும் மங்கலாக இருக்கின்றன, நகர்த்த முடியவில்லை. மாற்றியமைத்த பயாஸ் ஏற்றினால் திறக்குமா?

திறக்கலாம், லேப்டாப்பே திறக்காமலும் போகலாம். மேசைக் கணினியில் பயாஸ் தவறினால் வேறு கார்டைச் செருகி மீட்டெடுக்கலாம். பெரும்பாலான லேப்டாப்களில் கார்டு மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பல மாடல்களில் கார்டின் பயாஸே முதன்மைப் பயாஸுக்குள்தான் அடங்கியிருக்கிறது. தவறினால் சிப்பின் கால்களில் கிளிப் மாட்டி, புரோகிராமர் கருவியால் பழையதை எழுத வேண்டிவரும். அந்தக் கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: கோரை முதலில் கூட்டுவதா, மெமரியையா? எவ்வளவு எவ்வளவாகக் கூட்டுவது?

எதையும் தொடுவதற்கு முன் கார்டின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் யூனிஜின் ஹெவன் போன்ற ஒரு சோதனை மென்பொருளை இரண்டு முறை ஓட்டி, மதிப்பெண்ணையும் உச்ச வெப்பநிலையையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் இல்லாதவர்கள் கடைசியில் வேகம் கூடியதாக நம்பிக்கொள்வார்களே தவிர, கூடியதா என்று அறியமாட்டார்கள்.

பிறகு மெமரியைத் தொடாமல் கோரை மட்டும் 25 மெகாஹெர்ட்ஸ் உயர்த்தி, கால் மணி நேரம் சோதனை ஓட்டி, குறைபாடு தெரியாவிட்டால் அடுத்த 25 என்று போகலாம். 960எம் கார்டுகளில் பல, 135 வரை எந்தச் சலனமும் இல்லாமல் போய்விடும். கோர் தாங்காதபோது டிரைவர் நின்றுவிடும். இரண்டு நொடிகளுக்கு மேல் கார்டிடமிருந்து பதில் வராவிட்டால் விண்டோஸே டிரைவரை மீண்டும் தொடங்கிவிடுவதால்தான் திரை கறுத்து மீள்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். அந்த எண்ணை ஒருமுறை பார்த்தாலும் 25 மெகாஹெர்ட்ஸ் கீழிறங்கிவிடுங்கள்.

கோரை முடித்தபின் அதை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, மெமரியைத் தனியாகச் சோதியுங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 960எம்-இல் உள்ள ஜிடிடிஆர்5 வகை மெமரி, தான் அனுப்பும் தரவில் பிழை நேர்ந்ததைக் கண்டுபிடித்து மறுபடியும் அனுப்பும் வசதி உடையது. ஆகவே வேகம் எல்லை மீறும்போது திரையில் புள்ளிகளும் கோடுகளும் தோன்றுவதற்கு முன்பே, மறுபடி மறுபடி அனுப்புவதிலேயே நேரம் கழிந்து மதிப்பெண் சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கும். 200 கூட்டியபோது வந்த மதிப்பெண், 300 கூட்டியபோது குறைந்தால், சரியான இடம் 200-க்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்று பொருள். கடைசியில் இரண்டையும் சேர்த்து ஓட்டி, இரண்டு மணி நேரம் உண்மையான விளையாட்டையும் விளையாடிப் பாருங்கள்.

கேள்வி: கார்டுக்குக் கடும் சுமை தரும் ஃபர்மார்க் மென்பொருளை ஓட்டிச் சோதிக்கலாமா?

வேண்டாம். எந்த விளையாட்டும் தராத சுமையை அது தரும். பழைய லேப்டாப்பின் மின் பகுதிகளுக்கு அந்தத் தேர்வு தேவையில்லை.

கேள்வி: என்னுடையது 940எம், டிடிஆர்3 மெமரி. கோரை 135 கூட்டியும் வித்தியாசமே தெரியவில்லை, ஏன்?

கோர் மெமரிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கார்டில் மெமரிப் பாதை 64 பிட் அகலம்தான். டிடிஆர்3 1000 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு 16 ஜிகாபைட் கடக்கும். 128 பிட் பாதையும் ஜிடிடிஆர்5 மெமரியும் கொண்ட 960எம்-இல் அது 80 ஜிகாபைட். வாசல் குறுகலாக இருக்கும்போது உள்ளே ஆட்களைக் கூட்டிப் பயனில்லை. நீங்கள் கோரை இயல்பாக விட்டுவிட்டு மெமரியைக் கூட்டுங்கள். உங்கள் வகைக் கார்டுகளில்தான் மெமரி ஓவர்கிளாக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மலிவான மாடல்கள் சிலவற்றில் மெமரி சிப்களின் மேல் பேடும் இல்லை, ஹீட் சிங்கும் இல்லை; அந்த வெப்பத்தை எந்த மென்பொருளும் உங்களுக்குக் காட்டாது என்பதால், பின் மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கேள்வி: வெப்பம் 70 டிகிரிதான் இருக்கிறது, ஆனாலும் விளையாட்டின் நடுவே கோர் வேகம் பாதிக்கும் கீழே விழுந்து ஃப்ரேம் தடுமாறுகிறது.

ஜிபியு-இசட் மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்து, வேகம் எதனால் கட்டுப்படுகிறது என்று காட்டும் வரியைப் பாருங்கள். மின்சாரம்தான் காரணம் என்று காட்டினால், முதல் சந்தேகம் சார்ஜர் மீது விழ வேண்டும். லேப்டாப்புடன் வந்தது 19 வோல்ட், 6.3 ஆம்பியர் சார்ஜராக இருந்தால் அது 120 வாட் தரும். அது பழுதானபின், செருகு முனை பொருந்துகிறதே என்று 90 வாட் சார்ஜரை வாங்கி மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு முதலில் சரியான சார்ஜரை வாங்குங்கள். பேட்டரியில் ஓட்டும்போது வேகம் குறைவது இயல்பே. அப்போது ஓவர்கிளாக் செய்வதில் பொருளே இல்லை.

கேள்வி: பிராசஸரும் கிராஃபிக்ஸும் வெப்பத்தைக் கடத்தும் ஒரே ஹீட் பைப்பில் இருக்கின்றன. ஒன்று சூடானால் இன்னொன்றும் சூடாகிறது. வழி உண்டா?

விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதமாக்கினால், பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் பிராசஸர் தானாக வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போ நின்றுவிடும். பிராசஸர் சில டிகிரி குளிர்ந்து, அந்த இடம் கிராஃபிக்ஸுக்குக் கிடைக்கும். பிராசஸர் வேகத்தை நம்பும் விளையாட்டுகளில் ஃப்ரேம் குறையும் என்பதால், இதையும் அளந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1060. அதற்கும் இதே முறையா?

உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. உங்கள் கார்டு சேர்ந்த பாஸ்கல் தலைமுறையிலிருந்து ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலையும் எஃப் விசையையும் அழுத்தினால் வோல்டேஜுக்கும் வேகத்துக்குமான வளைகோடு திறக்கும். எந்த வேகம் இப்போது 1 வோல்ட்டில் ஓடுகிறதோ, அதே வேகத்தை 0.9 வோல்ட்டில் ஓடச் சொல்லிப் பாருங்கள். இயங்கும்போது செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சிப்பின் இயக்கச் செலவில் ஏறத்தாழ 19 சதவீதம் குறைந்துவிடும். வெப்பத்தாலும் பவர் லிமிட்டாலும் விழுந்துகொண்டிருந்த வேகம் நிலையாக நிற்கும். எல்லாச் சிப்பும் 0.9-ஐத் தாங்கும் என்று சொல்ல முடியாது. படிப்படியாகவே இறங்க வேண்டும். 960எம் வைத்திருக்கும் நமக்கு இந்த வளைகோடு இல்லை என்பது வருத்தம்தான்.

கேள்வி: என்விடியாவின் 8600எம் கார்டுள்ள பழைய லேப்டாப் ஒன்றில் திரை வரவில்லை. மதர்போர்டைச் சமையல் ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்கிறார்களே?

அந்தத் தலைமுறையின் கோளாறு பேர்பெற்றது. சிப்பின் பேக்கேஜில் பயன்படுத்திய பொருள், சூடாவதும் ஆறுவதுமாக இருந்த சுழற்சியைத் தாங்காமல் போனதால், 2008 ஜூலையில் என்விடியா 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவுக் கணக்கில் ஒதுக்க வேண்டிவந்தது. விரிசல் சிப்புக்குள் இருக்கிறது. ஓவன் சூடு அதைச் சில நாள் ஒட்டவைக்கும், சில வாரங்களில் மறுபடி விட்டுப்போகும். சமையலுக்குப் பயன்படும் ஓவனில் மதர்போர்டை வைப்பது உடல்நலத்துக்கும் நல்லதன்று.

கேள்வி: தவறான அளவைப் போட்டு விண்டோஸே உறைந்துபோனால் எப்படி மீள்வது?

ஆஃப்டர்பர்னரில் நீங்கள் கூட்டுவது கார்டில் எழுதப்படுவதில்லை; லேப்டாப்பை அணைத்துப் போட்டால் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். விண்டோஸ் தொடங்கும்போதே அளவைச் செலுத்தும் பொத்தானை அழுத்தி வைத்திருந்தால் மட்டுமே ஒவ்வொரு முறையும் உறையும். அப்போது சேஃப் மோடில் நுழைந்து ஆஃப்டர்பர்னரை நீக்கினால் போதும். அந்தப் பொத்தானை, ஒரு வாரம் குறையின்றி ஓடியபின் அழுத்துங்கள். நான் இதுவரை அழுத்தவில்லை. விளையாடப் போகும்போது மட்டும் ஒரு புரொஃபைலைச் சொடுக்கிக்கொள்கிறேன்.