தாலி கட்டும் நேரம் ஃபோகஸ் ஐயரிடம் போனால்?

கொக்குவிலில் கலியாணவீட்டுப் படங்கள் எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணை, கெனன் 6டி மார்க் 2-ஐ விட்டு ஆர்6 மார்க் 2-க்கு மாறியிருக்கிறேன். பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டுப் பாவிக்கிறேன். தாலி கட்டும் நேரம் பார்த்து ஃபோகஸ் ஐயரின் முகத்துக்கோ பின்னால் நிற்கும் தோழியின் கண்ணுக்கோ பாய்கிறது. லென்ஸ் பிழையா, கமரா பிழையா? பழையதுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன்."

லென்ஸிலும் பிழையில்லை, அடாப்டரிலும் பிழையில்லை. கெனனின் சாதாரண அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடியே கிடையாது. ஒரு வளையமும் மின் தொடர்பும்தான். கமராவும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. யாரைப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

6டி மார்க் 2-இல் 45 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தன. பெரும்பாலும் நடுப் புள்ளியை வைத்தே காலம் ஓட்டியிருப்பீர்கள். புள்ளி எங்கே விழுந்ததோ அங்கே ஃபோகஸ். அது மணமகளா குத்துவிளக்கா என்று கமராவுக்குத் தெரியாது. அந்த ஃபோகஸைப் பார்த்தது லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடிக்கு (மிரர்) கீழே இருந்த தனிச் சென்சர். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில், அதாவது உங்கள் ஆர்6 மார்க் 2-இல், படம் பதியும் சென்சரே ஃபோகஸையும் கவனிக்கிறது. அதனால் சட்டம் (ஃபிரேம்) முழுவதிலும் முகம் தேட அதற்கு முடிகிறது. (லென்ஸுக்கு லென்ஸ் ஃபோகஸை முன்னே பின்னே நகர்த்தித் திருத்தும் பழைய தலையிடியும் இதனால்தான் ஒழிந்தது. அந்த ஒன்றுக்காகவே நான் பழையதுக்குத் திரும்பமாட்டேன்.)

இப்போது மணவறையை நினைத்துப் பாருங்கள். மணமகள் தலை குனிந்திருக்கிறாள், கண் தெரியாது. மாப்பிள்ளை உங்களுக்குப் பக்கவாட்டில். ஐயர் மட்டும் உங்கள் பக்கம் பார்த்து மந்திரம் சொல்கிறார். கமரா ஐயரை எடுத்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

ஆகவே வேலையை இரண்டு பட்டன்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். முதலில் சர்வோ ஏஎஃப் (அசையும் ஆளுக்கு விடாமல் ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் முறை; ஏஎஃப் என்றால் ஆட்டோ ஃபோகஸ்), ஏஎஃப் ஏரியாவில் ஒற்றைப் புள்ளி. 'ஹோல் ஏரியா டிராக்கிங் சர்வோ ஏஎஃப்' என்பதை ஆஃப் செய்யுங்கள். இது ஆனில் இருந்தால் புள்ளியில் தொடங்கிய ஃபோகஸ் ஆளைத் துரத்திக்கொண்டு சட்டம் முழுக்க ஓடும். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸை எடுத்துவிட்டு ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுங்கள். பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன் இருக்கிறதல்லவா, அதற்கு 'ஐ டிடெக்ஷன் ஏஎஃப்' கொடுங்கள். இனி ஏஎஃப்-ஆன் அழுத்தினால் உங்கள் பழைய கமரா. நட்சத்திரம் அழுத்தினால் கண் தேடும் புதிய கமரா.

தாலி கட்டு, அறுகரிசி, ஓமப் புகை, கைகளின் கிட்டப் படம் எல்லாவற்றுக்கும் ஏஎஃப்-ஆன். பொம்பிளை மாப்பிள்ளை வலம் வரும்போதும் வெளியில் தனியாக நிற்க வைத்து எடுக்கும்போதும் நட்சத்திரம். கண்ணைத் தவறாகப் பிடித்தால் பின்னால் உள்ள சின்ன ஜாய்ஸ்டிக்கை இடம் வலமாகத் தள்ளுங்கள், அடுத்த முகத்துக்குப் போகும். கூட்டத்துக்குள் ஒருவரைத் தொடர வேண்டுமென்றால் 'ஸ்விச்சிங் டிராக்ட் சப்ஜெக்ட்ஸ்' என்பதை 'இனிஷியல் பிரையாரிட்டி'யில் வையுங்கள். முதலில் பிடித்த ஆளைவிட்டு இலகுவில் தாவாது.

சோனி வைத்திருப்பவர்கள் டிராக்கிங் ஸ்பொட்டையும், நிக்கன் இசட்8, இசட்6 3 வைத்திருப்பவர்கள் 3டி டிராக்கிங்கையும் பார்த்தால் இதே வழிக்கு வரலாம்.

இன்னொன்றும் உங்களைக் குழப்பியிருக்கக்கூடும். 6டி மார்க் 2-இன் புள்ளிகள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு பார்ப்பவை. ஆர்6 மார்க் 2-இல் ஒவ்வொரு பிக்சலும் இடம் வலமாக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அதனால் நிலைக்கோடுகளை நன்றாகப் பிடிக்கும், கிடைக்கோடு மட்டும் இருக்கும் இடத்தில் தடுமாறும். கூறைச்சேலையின் கரை நேர் கிடையாகக் கிடக்கும்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடினால் கமராவைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து, ஃபோகஸ் விழுந்ததும் நேராக்குங்கள். அப்புறம், தொடுதிரையில் புள்ளி நகர்த்தும் வசதி ஆனில் இருந்தால் மூக்குப் பட்டே புள்ளி ஓடிவிடும், இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு முக்கியமாக. தொடும் பகுதியை வலப்பக்கத்துக்கு மட்டும் சுருக்குங்கள், இல்லையென்றால் ஆஃப்.

பிளாஷ் விஷயமும் கொஞ்சம் மாறும். பழைய ஸ்பீட்லைட் இருட்டில் விடும் சிவப்புக் கதிர் மிரர்லெஸ்ஸுக்கு உதவாது. டிரிகர் போட்டு வெளி பிளாஷ் அடிக்கும்போது வியூஃபைண்டர் இருண்டு கிடந்தால் எக்ஸ்போஷர் சிமுலேஷனை (படத்தில் விழப்போகும் வெளிச்சத்தை முன்கூட்டியே காட்டும் வசதி) ஆஃப் செய்யுங்கள். எல்.ஈ.டி. அலங்கார மண்டபத்தில் எலக்ட்ரோனிக் ஷட்டர் வேண்டாம், படத்தில் பட்டை விழும். மெக்கானிக்கலில் 1/100 வையுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பட்டை குறையும்.

கலியாணத்துக்கு முன் ஒரு பின்னேரம் யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போங்கள். நடக்க வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு போவார்கள். கூட வரும் நண்பனை அந்தக் கூட்டத்துக்குள் நடக்கவிட்டு அவனை மட்டும் பிடித்துப் பழகுங்கள், இரண்டு பட்டன்களையும் மாற்றி மாற்றி. விரல் தானாகப் போகும்வரை 6டி-யை விற்காதீர்கள். அடுத்த கலியாணத்தில் அதை இரண்டாவது கமராவாகத் தோளில் போட்டுக்கொண்டு போங்கள்.