மிச்சமான மருந்து: பூட்டுவதா, திருப்பிக் கொடுப்பதா, குப்பையில் போடுவதா?

கேள்வி: புற்றுநோயால் நான்கு மாதம் படுக்கையில் இருந்த அப்பா போன மாதம் காலமானார். மார்ஃபின் மாத்திரை, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச், தூக்க மாத்திரை என்று ஒரு பை நிறைய மிச்சம் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: மனசு வராததில் தப்பே இல்லை. என் அம்மா போன பிறகு அவருடைய மருந்துப் பெட்டியை நான் மூன்று மாதம் தொடவில்லை. ஒருநாள் திறந்தேன். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் ‘கா’, ‘இ’ என்று நீல மையில் எழுதி வைத்திருந்தார். காலைக்கு ‘கா’, இரவுக்கு ‘இ’. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த மூன்று மாதமும் பெட்டி திறந்த அலமாரியில்தான் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள், அவர்களோடு வந்த பிள்ளைகள், எத்தனையோ பேர் அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறார்கள். உள்ளே எத்தனை மாத்திரை இருந்தது என்று எனக்கே தெரியாது. நினைவாக வைத்துக்கொள்ள ஒரு காலி அட்டை போதும். மருந்து வீட்டை விட்டுப் போகட்டும்.

முதல் வழி, கொடுத்த இடத்துக்கே திருப்பிக் கொடுப்பது. அப்பாவுக்கு மார்ஃபின் தந்த மருத்துவமனையையோ வலி நிவாரணக் குழுவையோ கூப்பிட்டு, மிச்சத்தை வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். மார்ஃபினுக்கு அங்கே கணக்கு எழுதும் வழக்கம் உண்டு என்பதால் இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருக்காது. உங்கள் பகுதியில் மருந்து திரும்பப் பெறும் பெட்டியோ முகாமோ இருந்தால் அதுவும் சரி.

அப்படி எதுவும் கிடைக்காவிட்டால், மருந்துக்கு மருந்து வழி மாறும். தவறான ஆள் ஒரே ஒரு வேளை எடுத்தாலும் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய மருந்துகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறது. மார்ஃபின், ஃபென்டனில், ஆக்ஸிகோடோன் ஆகிய வலுவான வலி மருந்துகள் எல்லாம் அதில் உண்டு. திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றால் இவற்றைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்கிறது அந்த நிர்வாகம். தண்ணீரில் கலப்பதால் வரும் கெடுதலைவிட, வீட்டில் கிடந்து ஒரு குழந்தை கையில் சிக்குவதால் வரும் கெடுதல் பெரிது என்பதுதான் காரணம். உங்கள் நாட்டு விதி வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

பேட்ச் விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். மூன்று நாள் ஒட்டி எடுத்த பேட்சிலும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து மிச்சம் இருக்கும். குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கையில் ஒட்டி விளையாடவோ வாயில் வைக்கவோ குழந்தைகளுக்குத் தோன்றும். ஒட்டும் பக்கம் உள்ளே சேரும்படி இரண்டாக மடித்து, மேலே சொன்னபடி உடனே அப்புறப்படுத்துங்கள். பிறகு கையைக் கழுவுங்கள்.

அந்தப் பட்டியலில் இல்லாத மருந்துகளைக் கழிப்பறையிலும் தொட்டியிலும் ஊற்ற வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, நசுக்காமல், மண்ணோடோ காபிச் சக்கையோடோ கலந்து, இறுகக் கட்டிய பையில் குப்பையில் போடலாம். யாரும் எடுத்து வாயில் போட மனம் வராத கோலத்துக்கு அதைக் கொண்டுவருவதுதான் நோக்கம். பாட்டில் லேபிளில் இருக்கும் அப்பாவின் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம், புகை நல்லதல்ல.

கேள்வி: பதற்றத்துக்காக மருத்துவர் எனக்கு அல்ப்ரசோலாம் எழுதித் தந்திருக்கிறார். சமீபமாக இரண்டு மூன்று மாத்திரை குறைகிற மாதிரி தோன்றுகிறது. வீட்டில் பதினாறு வயது மகன் இருக்கிறான். சந்தேகப்படவும் கஷ்டமாக இருக்கிறது. பூட்டுப் பெட்டி வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், இன்றைக்கே. ஆனால் அதற்கு முன்னால் எண்ணுங்கள். “குறைகிற மாதிரி” என்பதை வைத்துக்கொண்டு யாரையும் கேட்க முடியாது. இருக்கிற மாத்திரையை எண்ணித் தேதி போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். நீங்களே மறந்துபோய் இரண்டு முறை எடுத்திருக்கவும் கூடும், அதுவும் தெரிந்தாக வேண்டிய விஷயம்தான். மருந்தைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

குறைவது உறுதியானால் மகனிடம் தனியாக, நேராகப் பேசுங்கள். திட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லுங்கள்: அல்ப்ரசோலாமும் மதுவும் சேர்ந்தாலோ, அல்ப்ரசோலாமும் டிரமடால் மாதிரியான வலி மாத்திரையும் சேர்ந்தாலோ, தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். டாக்டர் எழுதிய மருந்து என்பதால் அது போதைப்பொருள் அளவுக்கு ஆபத்தில்லை என்று நிறையப் பிள்ளைகள் நம்புகிறார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புகளில், வலி மாத்திரையைத் தவறாக எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது நண்பரிடமிருந்தோ உறவினரிடமிருந்தோதான் கிடைத்திருக்கிறது. நம் வீட்டு இழுப்பறையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

பெட்டி வாங்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது. தூக்கிக்கொண்டு போக முடியாதபடி சுவரிலோ அலமாரியிலோ திருகிப் பொருத்த ஓட்டை இருக்க வேண்டும். எண் பூட்டு என்றால் கடையிலிருந்து வரும்போது இருக்கும் எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள், பிறந்த தேதியை வைக்காதீர்கள். சாவிப் பூட்டு என்றால் சாவி உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டி மேலேயே தொங்கவிட்டால் பூட்டியதற்கு அர்த்தமே இல்லை. குளியலறையில் வைக்க வேண்டாம். ஈரமும் சூடும் மாத்திரையைக் கெடுத்துவிடும்.

வீட்டில் யாராவது எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாக இழுத்துக்கொண்டு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால், “தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்” என்று விடாதீர்கள். உடனே அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், என்ன மருந்து என்று தெரிய அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: குழந்தைகள் திறக்க முடியாத மூடி என்று போட்ட பாட்டிலில்தான் சர்க்கரை நோய் மாத்திரை வருகிறது. தனியாகப் பூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டும். அந்த மூடி குழந்தையைத் தாமதப்படுத்தும், தடுத்தே தீரும் என்று சொல்ல முடியாது. அமெரிக்க விதிப்படி இந்த மூடிகளை மூன்றரை முதல் நான்கேகால் வயதுக் குழந்தைகளிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். எப்படித் திறப்பது என்று காட்டிய பிறகும் 80 சதவீதம் பேரால் திறக்க முடியாவிட்டால் மூடி தேறிவிடும். அதாவது ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் மூடி பாஸ்தான். கிளிபென்கிளமைடு மாதிரியான சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போனாலும் சிறு குழந்தைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வாரத்துக்கு ஏழு கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டிகளில் பலவற்றுக்கு இந்த மூடிகூடக் கிடையாது. வசதியானவைதான், ஆனால் மேசை மேல் கிடக்கக் கூடாது.

கேள்வி: மருத்துவர் மருந்தை மாற்றிவிட்டார். பிரிக்காத இரண்டு அட்டையைக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார். இது நியாயமா?

பதில்: பணம் போனது வலிக்கும். ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த அட்டை வெயிலில் இருந்ததா, காரில் கிடந்ததா என்று அவருக்குத் தெரியாது. திரும்பி வந்த மருந்தை இன்னொருவருக்கு விற்கும் கடையைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அடுத்த முறை புது மருந்து எழுதினால் முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஒத்துக்கொண்டால் மீதியை வாங்கிக்கொள்ளலாம். வலி மாத்திரை, தூக்க மாத்திரை என்றால் “இத்தனை நாளைக்குத் தேவையா?” என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வராத மாத்திரையைப் பூட்டவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு அறுவை சிகிச்சையின்போது கொடுத்த டிரமடால் மிச்சம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா முதுகுவலிக்கு இரண்டு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அக்காவுக்கு வலிப்பு உண்டா, மன அழுத்தத்துக்கு வேறு மாத்திரை எடுக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டில் எது இருந்தாலும் டிரமடால் அவருக்கு ஆபத்து. “மிச்சம் இல்லை அக்கா” என்று பொய் சொல்லவும் வேண்டாம். “எனக்கு எழுதினது, உங்களுக்கு ஒத்துக்காமல் போனால் என்னால் தாங்க முடியாது, வாங்க டாக்டரிடம் போகலாம்” என்று சொல்லுங்கள். அவரை அனுப்பிவிட்டு அந்த மிச்சத்தை முதல் கேள்வியில் சொன்னபடி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: இன்சுலின் ஊசி, தீர்ந்துபோன இன்ஹேலர்?

பதில்: ஊசியை மறுபடி மூடாமல், குத்தினாலும் துளை விழாத கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வாருங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை ஒட்டி, ‘ஊசி’ என்று எழுதி, ஊசி வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ கொடுங்கள். இன்ஹேலரைத் துளையிடவோ நெருப்பில் போடவோ கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் வெடிக்கும்.